கார்டு மாறும் இடத்தில் தவறிய கை: ஜாஸ் கிட்டார் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூ ஜெர்சியில் நான் ஜாஸ் கிட்டார் சொல்லித் தருகிறேன். என்னிடம் ஏழு மாதம் பயின்ற ஒரு மாணவியின் அனுபவத்தை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர் முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர். தமிழ்நாட்டில் வளர்ந்தபோது பல ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவர். கல்லூரிக் காலத்தில் கிட்டார் எடுத்து, ராக், ப்ளூஸ் இரண்டிலும் நல்ல சரளம் பெற்றவர். ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) நெடுநேரம் நிற்கும் இடத்திலும் 12 பார் ப்ளூஸிலும் (பார் என்பது நான்கு பீட் கொண்ட தாள அலகு) அவர் கற்பனையாக வாசிப்பதைக் கேட்ட எவரும் அவரைத் தொடக்கநிலை மாணவி என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

அவர் என்னிடம் வந்த காரணம் ஒன்றுதான். நியூயார்க்கில் வாரம் ஒரு நாள் நடக்கும், கலைஞர்கள் ஒத்திகையின்றிக் கூடி வாசிக்கும் ஒரு ஜாம் செஷனில் ஏறி வாசித்து, நடுவில் வழி தவறி, வாசிப்பதை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார். அங்கே வாசித்த உருப்படி ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’. ஜெரோம் கெர்ன் 1939இல் ஓர் இசை நாடகத்துக்காக அமைத்த மெட்டு அது. நாடகம் சீக்கிரமே மேடையை விட்டு இறங்கிவிட்டது. பாடல் மட்டும் ஜாஸ் கலைஞர்களின் கைக்கு வந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஜாம் செஷன்களில் யாராவது ஒருவர் கேட்டே தீரும் உருப்படிகளில் அதுவும் ஒன்று.

அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மொத்தம் 36 பார்கள். 8, 8, 8, 12 என்று நான்கு பகுதிகள். பெரும்பாலும் ஒரு பாருக்கு ஒரு கார்டு. முதல் பகுதி ஏ ஃப்ளாட் கீயில், அதாவது ஏ ஃப்ளாட்டை ஆதாரமாகக் கொண்டு நடந்து, ஆறாம் பாரில் திரும்பி சி மேஜரில் முடிகிறது. இரண்டாம் பகுதி அதே நடையை ஈ ஃப்ளாட்டில் தொடங்கி ஜி மேஜரில் முடிக்கிறது. மூன்றாம் பகுதி ஜியில் நின்று, பிறகு ஈ மேஜருக்குத் தாவுகிறது. நான்காம் பகுதி மீண்டும் ஏ ஃப்ளாட்டுக்கு வந்து, எட்டு பாரில் முடியாமல் நான்கு பார் கூடுதலாக நீள்கிறது. ஆக ஐந்து கீகள். நிமிடத்துக்கு 132 பீட் என்ற மிதமான வேகத்தில் ஒரு பார் 1.8 விநாடி மட்டுமே நீடிக்கும். சி மேஜர் நிலவும் மூன்று பார்கள் ஐந்தரை விநாடிக்குள் முடிந்துவிடும். ஈ மேஜர் கார்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்.

முதல் ஜாம் செஷனில் நடந்தது

அது அக்டோபர் தொடக்கம். அன்றைய பதிவை அவர் கைபேசியில் எடுத்து வைத்திருந்ததால், நடந்ததை ஞாபகத்தை நம்பி ஊகிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பியானோ வாசித்தவர் நேராகப் பாடலுக்குள் போகாமல், ட்ரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பியும் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் 1945இல் செய்த பதிவிலிருந்து வழக்கத்துக்கு வந்த முன்னுரையை எடுத்தார்; டி ஃப்ளாட்டிலிருந்து சிக்கு அரைச்சுரம் இறங்கி இறங்கி ஆடும் ஒரு பகுதி அது. மாணவி மனப்பாடம் செய்திருந்த தாளில் அது இல்லை. எங்கே நுழைவது என்று தெரியாமல் இரண்டு பார் தாமதமாக மெட்டைத் தொடங்கினார். துணை வாசித்தவர்கள் அனுபவசாலிகள் என்பதால் அவருக்காக வளைந்து கொடுத்துச் சமாளித்தார்கள்.

தனி வாசிப்பில் முதல் எட்டு பார்கள் கேட்கும்படி இருந்தன. இரண்டாம் பகுதியிலிருந்து சரிவு தொடங்கியது. மூன்றாம் பகுதியின் இறுதியில், ஈ மேஜரிலிருந்து எஃப் மைனருக்குத் திரும்பும் 23 முதல் 25 வரையான பார்களில், தாம் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பிறகு எல்லாக் கார்டுகளுக்கும் ஏ ஃப்ளாட் பெண்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலையே (சுர வரிசையையே) வாசித்துக்கொண்டு போனார். இரண்டாம் கோரஸின், அதாவது 36 பார்களின் இரண்டாம் சுற்றின், நடுவில் நிறுத்திவிட்டார். ‘எனக்கு ஸ்கேல் போதாது, நிறைய ஸ்கேல் கற்றுக்கொடுங்கள்’ என்பதுதான் முதல் வகுப்பில் அவர் வைத்த வேண்டுகோள். நானும் அதை அப்படியே நம்பினேன்.

முதல் முடிவும் அதன் விளைவும்

முதல் ஏழு வாரங்களுக்கு நான் எடுத்த முடிவுகள் இரண்டு. இரண்டுமே தவறானவை என்று இப்போது கருதுகிறேன்; எனினும் அவற்றை எடுத்த காரணத்தை மறைக்காமல் சொல்வது முறை.

முதலாவது, ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்தும் ஸ்கேலை ஒதுக்கிக் கொடுத்தது. பாடநூல்கள் பலவும் போகும் வழி இது. கல்லூரிகளிலும் இதைத்தான் முதலில் கற்பிப்பார்கள். எஃப் மைனருக்கு ஏயோலியன், பி ஃப்ளாட் மைனருக்கு டோரியன், ஈ ஃப்ளாட் டாமினன்டுக்கு மிக்ஸோலிடியன், ஏ ஃப்ளாட்டுக்கு அயோனியன், டி ஃப்ளாட்டுக்கு லிடியன் என்று முதல் ஐந்து பார்களுக்கு ஐந்து பெயர்கள் எழுதிக் கொடுத்தேன். ஐந்தும் ஒரே ஏ ஃப்ளாட் மேஜரின் ஏழு சுரங்கள்தாம். மாணவியோ ஒவ்வொரு பாரிலும் புதிய பெயரைத் தேடி, அந்தப் பெயருக்குரிய விரல் அமைப்பைத் தேடி, அதை அதன் முதல் சுரத்திலிருந்தே தொடங்கினார். எங்கே ஒன்றும் மாறவில்லையோ அங்கே ஐந்து மாற்றங்களை நான் உண்டாக்கியிருந்தேன். எங்கே உண்மையில் எல்லாம் மாறுகிறதோ, அதாவது ஆறாம் பாரில், அங்கே வந்து சேரும்போது அவர் களைத்துப் போயிருந்தார்.

இரண்டாவது முடிவு நம்மூர்க்காரர்களுக்கு எளிதில் தோன்றக்கூடியது. எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. அவருக்குக் கர்நாடக இசைக் காது இருந்தது. ஆகவே கிரக பேதத்தை உதாரணமாகக் காட்டி, ஒவ்வொரு கீ வரும்போதும் ஷட்ஜத்தை இடம் மாற்றிக்கொண்டு அங்கிருந்து சங்கராபரணம் பாடுவதுபோல் வாசிக்கச் சொன்னேன். ஒப்புமையே பிசகு என்பதை நான் யோசிக்கவில்லை. கிரக பேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் நகர்கிறது. இந்தப் பாடலிலோ ஆதாரத்தோடு சுரங்களும் மாறுகின்றன. ஏ ஃப்ளாட் மேஜரில் நான்கு ஃப்ளாட்டுகள் (அரைச்சுரம் தாழ்ந்த சுரங்கள்) உண்டு, சி மேஜரில் ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியமாக, தம்பூரா இல்லாத இடத்தில் ஷட்ஜத்தை யார் நிலைநிறுத்துவது? பேஸ் வாசிப்பவர் புதிய கீயைக் காட்டி முடிக்கும்வரை மாணவியின் காது காத்திருந்தது. அது நிலைபெற்று அவர் ஒரு சொற்றொடரைத் தொடங்கும்போது பாடல் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

நவம்பர் இறுதியில் அவர் வாசிப்பு முன்னைவிட மோசமாகியிருந்தது. சுரத் தவறுகள் குறைந்திருந்தன. ஆனால் சொற்றொடர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஸ்கேல்கள் ஏறின, இறங்கின. ‘முன்பு தப்பாக வாசித்தாலும் நான் வாசிப்பதுபோல் இருந்தது, இப்போது டைப் அடிப்பதுபோல் இருக்கிறது’ என்று அவரே சொன்னார்.

பதிவுகளை மறுபடி கேட்டபோது

அந்த வாக்கியம் கேட்ட பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அக்டோபர்ப் பதிவையும் வகுப்புப் பதிவுகளையும் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அவர் வாசித்ததை பார் பாராக எழுதிப் பார்த்தேன். எங்கள் தாளின்படி 36 பார்களில் 33இன் முதல் பீட்டில் புதிய கார்டு வருகிறது. அந்த 33 இடங்களில் அவர் கை என்ன செய்தது என்பதை மட்டுமே குறித்தேன்.

மூன்று செய்திகள் தெரிந்தன. முதலாவது, அவர் வாசித்த சுரங்களில் பெரும்பாலானவை தவறானவை அல்ல, நேரம் தவறியவை. புதிய கார்டுக்குரிய சரியான சுரம் வந்தது, ஆனால் ஒரு பீட்டோ அரை பீட்டோ கழித்து வந்தது. பழைய கார்டின் சுரம் புதிய பாருக்குள் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டாவது, அவருடைய லயம் தனியாகப் பார்த்தால் குறையற்றது. மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியோடு ஒரே கார்டில் வாசிக்கும்போது இம்மியும் பிசகாத கை, கார்டு மாறும் இடத்தில் மட்டும் பின்தங்கியது. எனவே கோளாறு தாளத்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருந்தது. அடுத்த கார்டு ஒலித்த பின்பே அவர் அதை அறிந்தார். மூன்றாவது, கை ஃப்ரெட்போர்டில் (ஃப்ரெட் எனப்படும் கட்டங்கள் கொண்ட கிட்டாரின் கழுத்துப் பலகையில்) அளவுக்கு மீறி அலைந்தது. ஒரே சுரம் கிட்டாரில் நான்கைந்து இடங்களில் கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு ஸ்கேலையும் அவர் கற்ற இடத்திலேயே தேடி, மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து பத்தாம் ஃப்ரெட்டுக்கும் அங்கிருந்து ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் தாவினார். தாவும் நேரம்தான் தாமதத்தின் ஒரு பகுதி.

ஆக அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் சுரங்கள் அல்ல. ஒரு பாரில் இரண்டே சுரங்கள், அவை வருமுன்பே காதில் ஒலிக்க வேண்டும்.

டிசம்பரில் எடுத்த புதிய முடிவு

ஸ்கேல் தாள்கள் அனைத்தையும் ஒதுக்கி வைத்தோம். ஒவ்வொரு கார்டிலும் மூன்றாம் சுரம், ஏழாம் சுரம் (கர்நாடக வழக்கில் காந்தாரம், நிஷாதம்) இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். கார்டின் குணத்தைத் தீர்மானிப்பவை இவ்விரண்டுதான். மூலசுரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார், ஐந்தாம் சுரம் பெரும்பாலும் யாருக்கும் செய்தி சொல்வதில்லை. கவுண்ட் பேஸியின் குழுவில் 1937 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாசித்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், அத்தனை பெரிய இசைக்குழுவின் நடுவில் பீட்டுக்கு ஒரு வெட்டாக, பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் ஒலிக்கவிட்டு, முழு ஹார்மனியையும் தெளிவாக்கினார் என்பதை மாணவிக்கு நினைவூட்டினேன். குறைவாக வாசிப்பது தோல்வி என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாக இருந்ததால் இந்த நினைவூட்டல் தேவைப்பட்டது.

இங்கே அவருடைய கர்நாடகப் பயிற்சி, நான் எதிர்பார்த்த வழியில் அல்லாமல் வேறு வழியில் உதவிக்கு வந்தது. மூன்று வகைக் கார்டுகளையும் அவரே இப்படிப் பெயரிட்டுக்கொண்டார்: மேஜர் செவன்த் என்றால் அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும், டாமினன்ட் என்றால் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும், மைனர் செவன்த் என்றால் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். ஷட்ஜத்தை நகர்த்திக்கொண்டு ஓடுவதை விட்டுவிட்டு, காந்தாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு இயல்பாக வந்தது. முதல் இரண்டு வாரங்கள் கிட்டாரைத் தொடாமல், பேஸ் சுரத்தை நான் வாசிக்க, காந்தாரத்தை அவர் பாடினார்.

பாடத் தொடங்கிய மூன்றாம் நாளே ஒன்றைக் கண்டுபிடித்து எனக்கு எழுதினார்: பாடலின் மெட்டே பெரும்பாலும் காந்தாரங்களின் மேல்தான் நிற்கிறது. உண்மைதான். எஃப் மைனரில் ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட் மைனரில் டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் டாமினன்டில் ஜி, ஏ ஃப்ளாட் மேஜரில் சி, டி ஃப்ளாட் மேஜரில் எஃப், ஜி டாமினன்டில் பி, சி மேஜரில் ஈ என்று முதல் எட்டு பார்களில் மெட்டு தங்கும் சுரங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தந்தக் கார்டின் மூன்றாம் சுரங்கள். இதை நான் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் முதல் வகுப்பில் சொல்லவில்லை. மெட்டை ஒழுங்காகப் பாடத் தெரிந்தவருக்குப் பாடலின் வரைபடம் கையில் இருக்கிறது என்பது அவர் வாயிலாகவே எனக்கு மீண்டும் உறைத்தது.

இரண்டு தந்திகளில் ஒரு பாதை

அடுத்தது கிட்டாரில் அதை வைப்பது. கை அலைவதைத் தடுக்க, நான்காம் தந்தியும் மூன்றாம் தந்தியும் மட்டும் என்று வரையறுத்தோம். எஃப் மைனருக்கு நான்காம் தந்தியில் ஆறாம் ஃப்ரெட்டும் மூன்றாம் தந்தியில் எட்டாம் ஃப்ரெட்டும். அதாவது ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட். பி ஃப்ளாட் மைனர் வரும்போது ஏ ஃப்ளாட் அப்படியே நிற்க, எட்டாம் ஃப்ரெட்டிலிருந்த விரல் ஆறுக்கு இறங்கி டி ஃப்ளாட்டைப் பிடிக்கிறது. ஈ ஃப்ளாட் டாமினன்டுக்கு டி ஃப்ளாட் நிற்க, மற்றது ஐந்தாம் ஃப்ரெட்டின் ஜிக்கு இறங்குகிறது. ஏ ஃப்ளாட் மேஜருக்கு ஜி நிற்க, டி ஃப்ளாட் சிக்கு இறங்குகிறது. டி ஃப்ளாட் மேஜருக்கு சி நிற்க, ஜி எஃப்புக்கு. ஜி டாமினன்டுக்கு எஃப் நிற்க, சி பிக்கு. சி மேஜருக்கு பி நிற்க, எஃப் ஈக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டில் ஒரு விரல் மட்டும், அதுவும் ஒன்று அல்லது இரண்டு ஃப்ரெட் மட்டும் நகர்கிறது. ஏழு கார்டுகள், இரண்டு தந்திகள், எட்டாம் ஃப்ரெட்டிலிருந்து இரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஒரு மெல்லிய இறக்கம். ஐந்து ஸ்கேல் பெயர்கள் தர முடியாத ஒழுங்கு இதில் கண்ணுக்கே தெரிந்தது.

ஒழுங்கு தெரிந்தவுடன், அது முறியும் இடங்களும் தெரிந்தன. எட்டாம் பாரின் சி மேஜரிலிருந்து ஒன்பதாம் பாரின் சி மைனருக்குப் போகும்போது இரண்டு விரல்களும் ஒருசேர அரைச்சுரம் இறங்குகின்றன. அக்டோபரில் அவருடைய சரிவு தொடங்கியதும் இதே இடத்தில்தான்.

அவர் முற்றிலும் தொலைந்துபோன 23ஆம் பாருக்கு வந்தபோது நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். ஈ மேஜர் செவன்த்தின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் ஜி ஷார்ப், டி ஷார்ப். இரண்டு பார் கழித்து வரும் எஃப் மைனர் செவன்த்தின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட். பெயர்தான் வேறு, ஃப்ரெட்டுகள் அவையே. இடையில் ஒரு பார் சி டாமினன்டுக்காக விரலை அசைத்துவிட்டு, விட்ட இடத்திலேயே திரும்ப வைத்தால் போதும். மெட்டிலும் ஜி ஷார்ப்பாக நீண்டு நிற்கும் சுரம்தான் ஏ ஃப்ளாட்டாகப் பெயர் மாறி நான்காம் பகுதியைத் தொடங்குகிறது. தாளில் நான்கு ஷார்ப்பிலிருந்து நான்கு ஃப்ளாட்டுக்குத் தாவுவதாகத் தெரிந்து அவரை அச்சுறுத்திய இடத்தில், கை நகரவே தேவையில்லை.

நான்காம் பகுதியின் கூடுதல் பார்களுக்கும் இப்படி ஒரு கைப்பிடி கிடைத்தது. 29ஆம் பாரின் டி ஃப்ளாட் மேஜரிலிருந்து டி ஃப்ளாட் மைனர், சி மைனர், பி டிமினிஷ்டு, பி ஃப்ளாட் மைனர் என்று கார்டுகள் இறங்கும்போது, மூன்றாம் சுரங்கள் எஃப், ஈ, ஈ ஃப்ளாட், டி, டி ஃப்ளாட் என்று பாருக்கு ஓர் அரைச்சுரமாக ஒரே தந்தியில் இறங்கி வருகின்றன. முதல் பகுதியில் ஜி டாமினன்டுக்குப் போகும் ஆறாம் பாரையும், இந்த இறக்கம் தொடங்கும் 30ஆம் பாரையும் குழப்பிக்கொள்வது இப்பாடலில் மிகச் சாதாரணமான பிழை. இறங்கும் கோட்டைக் காதில் வைத்திருப்பவர் அந்தப் பிழையைச் செய்வது கடினம்.

ஜனவரி முதல் மார்ச் வரை: பயிற்சியின் போக்கு

பயிற்சி முறையில் மூன்று கட்டுப்பாடுகள் வைத்தோம். பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாம் அடங்கிய துணைப் பதிவுகளோடு வாசிப்பதை நிறுத்தினோம். அவை கார்டை உரக்கச் சொல்லிவிடுவதால் அவர் காது வேலை செய்யாமல் காத்திருக்கப் பழகியிருந்தது. பதிலாக மெட்ரோனோமை 66இல் வைத்து, ஒவ்வோர் ஒலியும் இரண்டாம், நான்காம் பீட்டுகளில் விழுவதாக எண்ணி, 132 வேகத்தில் வாசித்தார். பிறகு பாருக்கு ஒரே ஒலி, அதன்பின் இரண்டு பாருக்கு ஒரே ஒலி. கார்டு மாறுவதை எவரும் சொல்லாத அந்த அமைதியில் பாடலை அவரேதான் நகர்த்த வேண்டியிருந்தது.

இரண்டாவது கட்டுப்பாடு சுரங்களின் எண்ணிக்கை. முதலில் பாருக்கு இரண்டு சுரம், பிறகு நான்கு, பிப்ரவரி நடுவில்தான் எட்டு. எட்டுச் சுரங்களுக்குப் போகும்போதும், பாரின் முதல் பீட்டில் மூன்றாம் சுரமோ ஏழாம் சுரமோ விழ வேண்டும், அதற்கு முந்தைய சுரம் அதற்கு அரைச்சுரம் மேலோ கீழோ இருந்து தள்ளிவிட வேண்டும் என்று விதித்தேன். இந்த ஒரு விதியால் அவர் வரிகளில் முன்னோக்கிய ஓட்டம் வந்தது. நான்காம் பீட்டிலேயே அடுத்த பாரை நினைக்க அது கட்டாயப்படுத்தியது.

மூன்றாவது கட்டுப்பாட்டைப் பற்றி எனக்கு இப்போது ஐயம் உண்டு. நீண்ட காந்தாரங்களில் அவர் கை தானாகவே தந்தியை இழுத்து அசைத்தது. சிறுவயது கமகப் பழக்கம். சுரத்தின் இடம் மங்குகிறது என்று சொல்லி அதை முழுவதுமாகத் தடை செய்தேன். தெளிவு வந்தது, ஆனால் வாசிப்பில் இருந்த அவருக்கே உரிய நிறம் ஒன்று மார்ச் வரை காணாமல் போனது.

இடையில் இந்த முறையின் ஓட்டை ஒன்றும் வெளிப்பட்டது. 21ஆம் பாரின் எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு கார்டுக்கும் சாதாரண மைனர் செவன்த்துக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்களில் வேறுபாடே இல்லை. வேறுபாடு ஐந்தாம் சுரத்தில் இருக்கிறது. அங்கே அவர் தயங்காமல் சி ஷார்ப் வாசிக்க, கார்டில் இருந்த சியோடு அது மோதியது. அந்த ஒரு பாருக்கு மட்டும் ஐந்தாம் சுரத்தையும் சேர்த்துக்கொண்டோம். விதி என்று நான் சொன்னதற்கு விலக்கு இருப்பதை அறிந்ததும் அவர் சற்று எரிச்சலடைந்தார், நியாயமான எரிச்சல்தான்.

ஏப்ரல்: அதே மேடை

ஏப்ரல் இறுதியில் அதே ஜாம் செஷனுக்குச் சென்றார். நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். வேகம் 150ஐ ஒட்டியிருந்தது. முன்னுரையை இம்முறை எதிர்பார்த்திருந்ததால் மெட்டைச் சரியான இடத்தில் எடுத்தார். தனி வாசிப்பு இரண்டு கோரஸ். முதல் கோரஸின் முதல் பகுதியில் பாருக்கு இரண்டு மூன்று சுரங்களுக்கு மேல் வாசிக்கவில்லை. பியானோ வாசித்தவர் அந்த இடைவெளிகளுக்குள் பதில் சொல்லத் தொடங்கினார். எஃப் மைனருக்குத் திரும்பும் இடத்தில் ஜி ஷார்ப்பைப் பிடித்து மூன்று பார் நீட்டிவிட்டு, ஏ ஃப்ளாட்டாக அதை இறக்கிவைத்தபோது பேஸ் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

பிறகு தவறினார்; நாங்கள் தயார் செய்யாத இடத்தில். எல்லோரும் வாசித்து முடித்தபின், டிரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிக்கும் கட்டம் வந்தது. 36 பாரில் ஒன்பது நான்குகள் இருக்கின்றன. ஒற்றைப்படை என்பதால் முதல் கோரஸைக் கிட்டார் தொடங்கினால் முடிப்பதும் கிட்டாரே. அடுத்த கோரஸை டிரம்ஸ் தொடங்கும். 32 பார்ப் பாடல்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இரண்டாம் கோரஸில் தமது முறை பாடலின் எந்த இடத்தில் வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. டிரம்ஸ் தனியாக ஒலிக்கும்போது காதில் பாடிக்கொண்டே இருக்கும் பழக்கமும் போதுமான அளவு வேரூன்றவில்லை. ஒரு முறை நான்கு பார் முன்னதாகவே ஏ ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தார். எனினும் இம்முறை நிறுத்தவில்லை. அடுத்த முறைக்குள் மெட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, இறுதி மெட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து வந்தார்.

அதன் பின்

மே மாதம் வேறொரு உருப்படியை, நான் உதவாமல், இதே வழியில் அவரே பிரித்துப் பார்த்தார். மூன்று வாரங்களில் மிதமான வேகத்தில் அதை வாசிக்க முடிந்தது. 200 வேகத்துக்கு மேல் போனால் பழைய தாமதம் திரும்புகிறது. அங்கே பாருக்கு 1.2 விநாடிதான்.

உற்சாகத்தில் அவர் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ எடுத்துவந்தார். 1959 மே மாதம் பதிவான அந்த உருப்படி 16 பார்களில் 26 கார்டுகளைக் கொண்டது. பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று ஒன்றுக்கொன்று மேஜர் மூன்றாம் சுர இடைவெளியில் உள்ள மூன்று கீகளைச் சுற்றுவது. பதிவின் வேகம் 290ஐ நெருங்குவது. அதில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் போன்ற தேர்ந்த கலைஞரின் தனி வாசிப்பே இடையிடையே தயங்கி நிற்பதைப் பதிவில் கேட்கலாம். 1982இல் தம் ட்ரியோவோடு (மூவர் குழுவோடு) ஃப்ளானகன் அதை மீண்டும் பதிவு செய்தார். அரை பாருக்கு ஒரு கார்டு வரும் இடங்களில் எங்கள் முறை பலிக்கவில்லை. இரண்டு பீட்டுக்குள் மூன்றாம் சுரத்தைப் பிடித்து அதை அணுகவும் வேண்டுமென்றால் சொற்றொடருக்கு இடமே மிஞ்சுவதில்லை. கோல்ட்ரேனே அங்கே ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்ற நான்கு சுரக் கட்டுகளைப் பெரிதும் நம்பியிருப்பதைக் காட்டி, அது வேறு வகைப் பயிற்சி என்று சொல்லி, அந்தத் தாளை மூடி வைத்தோம்.

மறுமுறை மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொருவர் வந்தால் முதல் வகுப்பிலேயே அவருடைய பதிவை எழுதிப் பார்ப்பேன். மாணவர் தம் குறை என்று சொல்வதைக் குறித்துக்கொள்வேன், ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு மணி நேர வேலையைத் தவிர்த்ததால் ஏழு வாரங்கள் போயின. ஸ்கேல்களை ஒழித்துவிடுவேன் என்பதில்லை. முதல் ஐந்து பார்களுக்கு ஒரு பெயர், மாறும் இடத்தில் அடுத்த பெயர் என்று, இரண்டு சுரப் பாதை கைக்கு வந்த பிறகு தருவேன். மெட்டைப் பாடவைப்பது முதல் நாளிலேயே தொடங்கும். நான்கு பார் மாற்றத்தை, 36 பாரின் ஒற்றைப்படைக் கணக்கோடு, மேடைக்கு முன்பே ஒருவர் கைதட்ட மற்றவர் வாசித்துப் பழக வேண்டும். இதை நான் மறந்தது வெறும் கவனக்குறைவு.

கமகத் தடையை மட்டும் எப்படி மாற்றுவது என்பதில் நானும் மாணவியும் இன்னும் உடன்படவில்லை. நான் இரண்டு மாதம் தடுத்தது அதிகம், மூன்று வாரம் போதும் என்கிறேன். தடுக்கவே வேண்டியதில்லை, முதல் பீட்டில் சுரத்தை நேராகப் பிடித்துவிட்டுப் பிறகு அசைத்தால் என்ன கெட்டுவிடும் என்கிறார் அவர். சென்ற வாரம் 25ஆம் பாரின் ஏ ஃப்ளாட்டை அப்படித்தான் வாசித்துக் காட்டினார். சுரத்தின் இடம் மங்கவில்லை.